யாருடைய கைக்கருவி? – பாசியோன், எட்சா, சில சாதாரண விசுவாசிகள்

1

1967 மே 21, விடிவதற்கு முன். மணிலாவை ஒட்டிய பசாய் நகரின் டாஃப்ட் அவென்யூவில் விவசாயிகள் கூட்டம் ஒன்று அரசுப் படைக்கு எதிரே நின்றது. அவர்கள் கையில் இருந்தது போலோ என்னும் காட்டுவெட்டிக் கத்தி. உடம்பில் 'அந்திங்-அந்திங்' எனப்படும் மந்திரத் தகடுகள். குண்டு தங்களைத் துளைக்காது என்று நம்பினார்கள். எதிரே இருந்தவர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. சில நிமிடங்களில் 30-க்கும் மேற்பட்டோர் பிணமானார்கள். 'லாபியாங் மலாயா', அதாவது விடுதலைக் கட்சி, என்ற இயக்கத்தின் கதை அந்தத் தெருவில் முடிந்தது. அதன் தலைவர் வாலெந்தின் டி லோஸ் சாந்தோஸ் எண்பது வயதைத் தாண்டிய கிழவர். கடவுளோடும் இறந்துபோன தேச வீரர்களோடும் தான் பேசுவதாகச் சொன்னவர், அதிபர் மார்க்கோஸ் பதவி விலக வேண்டும் என்று கேட்டவர். அவரை மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். அந்த ஆண்டே அங்கேயே செத்துப்போனார்.

'பைத்தியக்காரக் கிழவன், அவன் பின்னால் போன முட்டாள்கள்': அரசாங்கத்தின் வாசிப்பு இதுதான். மணிலாவின் படித்த வர்க்கத்தின் வாசிப்பும் ஏறக்குறைய இதுதான். நம் தோழர்களிடம் கேட்டிருந்தால் 'பொய்ப் பிரக்ஞை' என்று கொஞ்சம் கௌரவமாகச் சொல்லியிருப்பார்கள். மூன்று வாசிப்புகளுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. செத்துப்போனவர்கள் என்ன நினைத்துக்கொண்டு அங்கே வந்து நின்றார்கள் என்று கேட்கவேண்டிய அவசியம் இவற்றில் எதற்கும் இல்லை.

இந்தக் கேள்வியிலிருந்துதான் ரெய்னால்டோ இலெட்டோ 1979இல் வெளியிட்ட 'பாசியோனும் புரட்சியும்' என்ற நூல் தொடங்குகிறது. 1840 முதல் 1910 வரையிலான பிலிப்பைன்ஸ் மக்கள் இயக்கங்களைப் பற்றிய வரலாற்று நூல் அது. 1967இன் பிணங்களிலிருந்து நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போகிறது. சாமி கும்பிடுகிறவர்கள் அரசியலுக்குள் வரும்போது தங்களைக் கடவுளின் கைக்கருவி என்று சொல்லிக்கொள்கிறார்களே, அந்தச் சொல்லை நாம் எப்படி வாசிப்பது? இலெட்டோவின் துணையோடும், சில இடங்களில் அவரோடு முரண்பட்டும், இதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

2

பாசியோன் என்பது கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் நெடும்பாட்டு. தாகலோக் மொழியில் முதலில் எழுதியவர் காஸ்பார் அக்கினோ டி பெலென். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பின்னர் 1814இல் வந்த, பிலாபில் பெயரால் அறியப்படுகிற பிரதிதான் ஊர்ஊராகப் பரவியது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து கதை ஆரம்பிக்கும். தவக்காலத்தில், குறிப்பாகப் புனித வாரத்தில், வீடுகளிலும் தெருக்கொட்டகைகளிலும் இரவு பகலாக முறைவைத்துப் பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாதி மனப்பாடம். வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த நம் கடற்கரைக் கத்தோலிக்க வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்த இராகம், அந்த அழுகை, ஊரே ஒரு சாவு வீடாகிற அந்த இரவு அவர்களுக்குத் தெரியும்.

ஸ்பானியப் பாதிரிகள் இதை ஏன் அனுமதித்தார்கள்? பணிவைக் கற்றுத்தரும் என்றுதான். அடித்தால் வாங்கிக்கொள், கூலி பரலோகத்தில் கிடைக்கும். காலனியத்துக்கு இதைவிடத் தோதான பிரதி வேறென்ன வேண்டும்? ஆனால் பிரதி எழுதியவன் கையில் நிற்பதில்லை. பாடியவர்களும் கேட்டவர்களும் அதே பாட்டில் வேறொன்றைக் கேட்டார்கள் என்பது இலெட்டோவின் வாதம். கிறிஸ்து யார்? பள்ளிக்கூடம் போகாத தச்சன் மகன். அவன் பின்னால் போனவர்கள் யார்? வலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த ஏழைகள். அவனைக் கொன்றவர்கள் யார்? படித்தவர்கள், குருக்கள், பணக்காரர்கள், அந்நிய ஆளுநன். இப்படிக் கேட்கும் காதுக்குப் பாசியோன் பணிவின் பாடமாக இருக்க முடியாது. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கான இலக்கணமாக அது மாறுகிறது.

நூலின் பலம் சொற்களை அவர் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. 'லோஓப்' என்றால் உள், அகம். அகம் நேராகாமல் புறத்தில் எதுவும் நேராகாது. 'லிவானக்' என்றால் ஒளி. 'தாமாய்' என்பது அடுத்தவர் துக்கத்தில் பங்குகொள்ளுதல். எழவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'கலாயான்'. சுதந்திரம் என்பதற்குப் புரட்சியாளர்கள் எடுத்துக்கொண்ட சொல். அது 'லாயாவ்' என்ற வேரோடு தொடர்புடையது என்கிறார் இலெட்டோ. தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் செல்லம் என்று அதற்குப் பொருள். ஆக, 1892இல் போனிஃபாசியோவும் தோழர்களும் தொடங்கிய கட்டிபூனான் என்ற இரகசிய அமைப்பின் அறிக்கைகளைப் படித்த விவசாயி, அங்கே பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரத்தை வாசிக்கவில்லை. ஸ்பெயின் என்ற மாற்றாந்தாயிடமிருந்து பெற்ற தாயிடம் திரும்பிப்போவதை வாசித்தான். மேலிருந்து எழுதப்பட்டதும் கீழே கேட்கப்பட்டதும் ஒரே சொல்தான், ஆனால் இரண்டு அரசியல்கள்.

3

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அப்போலினாரியோ டி லா க்ரூஸ், மக்கள் வாயில் எர்மானோ புலே. தயாபாஸ் மாகாணத்து லுக்பான் ஊர்க்காரர். துறவியாக வேண்டும் என்று மணிலா போனார். துறவுச் சபைகள் சேர்த்துக்கொள்ளவில்லை. பூர்வகுடிக்கு அங்கே இடமில்லை. சான் ஹுவான் டி டியோஸ் மருத்துவமனையில் ஊழியனாகச் சேர்ந்து, காதால் கேட்டும் படித்தும் வேதத்தைக் கற்றுக்கொண்டார். 1832இல் புனித சூசையப்பர் பெயரில் ஒரு பக்திச் சபை உருவானது. மாதாமாதம் 19ஆம் தேதி கூடுவார்கள், செபிப்பார்கள், பாடுவார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு விதி மட்டும் வித்தியாசம்: புலேயின் அனுமதி இல்லாமல் ஸ்பானியர்களோ கலப்பினத்தவரோ உறுப்பினராக முடியாது. கதவு சாத்தப்பட்டவன் தன் வீட்டுக்குக் கதவு வைத்துக்கொண்டான், அவ்வளவே. இதைத்தான் அதிகாரத்தால் செரிக்க முடியவில்லை.

சபைக்கு அங்கீகாரம் கேட்டு முறைப்படி மனுப் போட்டார்கள். மனுத்தான் போட்டார்கள், கத்தி எடுக்கவில்லை. மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 1841 அக்டோபரில் அவர்களைக் கலைக்கப் படையோடு வந்த மாகாண ஆளுநர் சண்டையில் கொல்லப்பட்டார். நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தர்களின் திருநாளன்று, அலிதாவோ என்ற இடத்தில் பெரிய படை அவர்களைச் சூழ்ந்தது. ஆண், பெண், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மூன்றாம் நாள் புலே கொல்லப்பட்டார். உடல் துண்டாக்கப்பட்டு, தலை எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேல் கழித்து, 1843 ஜனவரியில், மணிலாவில் தயாபாஸ் படைப்பிரிவே கலகம் செய்தது. செத்தவர்களின் ஊர்க்காரர்கள் அந்தப் படையில் இருந்தார்கள்.

புலே தன் சபையாருக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எப்படி? அவற்றைப் பறிமுதல் செய்து சாட்சியமாகக் கோர்த்துவைத்த அதே அதிகாரத்தின் கோப்புகள் வழியாக. கலகக்காரனின் குரல் கலகத்தை அடக்கியவனின் பெட்டிக்குள்தான் உயிரோடு இருக்கிறது. ரணஜித் குஹா 'எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை' பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

4

குஹாவைச் சொன்னதால் அவர் எழுப்பிய இன்னொரு பிரச்சினையையும் எடுத்துக்கொள்கிறேன். 1855இன் சந்தால் எழுச்சியில் தலைவர்களான சித்துவும் கானுவும் சொன்னது இதுதான்: தாங்கள் போராடவில்லை, தாக்கூரே போராடுகிறார், அவர் உத்தரவைத்தான் தாங்கள் செய்கிறோம். விவசாயியைக் கர்த்தாவாக, தன் வரலாற்றைத் தானே செய்கிறவனாக நிறுவுவதுதான் குஹாவின் திட்டம். அந்த விவசாயியோ 'நான் கர்த்தா இல்லை' என்று வாக்குமூலம் கொடுக்கிறான்! இப்போது வரலாற்றாசிரியன் என்ன செய்வது? அவன் சொன்னதை நம்பினால் வரலாறு எழுத முடியாது. நம்பாவிட்டால், 'நீ சொல்வது உனக்கே தெரியாது, நான் சொல்கிறேன் கேள்' என்று ஆகிவிடும். தீபேஷ் சக்கரவர்த்தி 2000இல் வந்த தன் நூலில் இந்த முடிச்சைத்தான் எடுத்துக்காட்டினார். சந்தாலின் கடவுளை 'நம்பிக்கை' என்று மானுடவியல் பெட்டிக்குள் போடலாம். ஆனால் வரலாற்றின் காரண வரிசைக்குள் அந்தக் கடவுளுக்கு இடம் கிடையாது.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் வேறு திசையில் போகிறேன். கடவுள் உண்டா என்பது இங்கே என் பிரச்சினை அல்ல. 'நான் வெறும் கருவி' என்ற வாக்கியம் சொல்லப்படும்போது என்ன நடக்கிறது என்பதுதான் பிரச்சினை. அதைச் சொல்பவன் யார் என்று பாருங்கள். பேசும் உரிமை மறுக்கப்பட்டவன். 'நீ யாருடா இதைக் கேட்க?' என்று ஆண்டை கேட்கிறான், அதிகாரி கேட்கிறான், பாதிரியும் கேட்கிறான். 'நான் யாருமில்லை, ஆனால் என்னை அனுப்பியவர் பெரியவர்' என்பதுதான் அந்தச் சூழலில் அவனுக்குக் கிடைக்கிற ஒரே இலக்கணம். எழுவாயாக நிற்க அனுமதி இல்லாதவன் வேற்றுமை உருபை மாற்றிக்கொண்டு வாக்கியத்துக்குள் நுழைகிறான். 'என்னால்' என்பது எழுவாய் இல்லை, மூன்றாம் வேற்றுமை. நம் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும் என்று படித்திருக்கிறோம். 'வாளால் வெட்டினான்', 'தச்சனால் செய்யப்பட்டது'. உருபு ஒன்று, பொருள் இரண்டு. சாதாரண விசுவாசி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில். கருவி என்று சொல்லிக்கொண்டே கருத்தாவாகிறான்.

'விரும்பி ஏற்ற கருவி' என்பதிலேயே ஒரு முரண் இருக்கிறது. சுத்தியலிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சம்மதம் கேட்கப்படுகிற கருவி, மறுக்கவும் கூடிய கருவி. கிறிஸ்தவக் கதையாடலிலேயே மரியாள் தேவதூதனிடம் உடனே தலையாட்டவில்லை. இது எப்படி ஆகும் என்று கேட்டாள், பிறகுதான் ஒத்துக்கொண்டாள். இதே கதையாடலில் யூதாசும் கருவிதான், பிலாத்துவும் கருவிதான். அவர்கள் இல்லாமல் சிலுவை இல்லை, மீட்பு இல்லை. ஆனாலும் யூதாசைப் பாசியோன் மன்னிப்பதில்லை. கடவுளின் திட்டத்துக்குப் பயன்பட்டான் என்பதற்காக அவன் பொறுப்பு கழன்றுபோவதில்லை. தவக்காலந்தோறும் இதைப் பாடிய மக்களுக்குக் கருவி எல்லாம் ஒன்றல்ல என்பது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இருப்பது நமக்குத்தான்.

5

இனி நம் காலத்துக்கு வருவோம். மார்க்கோஸ் 1972இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அந்த ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ் கிராமங்களில் அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்கள் வளர்ந்தன. பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடி வேதத்தை வாசித்து, அதை வைத்துத் தங்கள் நிலத்தைப் பற்றி, கூலியைப் பற்றிப் பேசுவது. இங்கே 'அன்பியம்' என்ற பெயரில் இதன் சாதுவான தம்பி ஒருவன் இருக்கிறான். அங்கே அண்ணன் அவ்வளவு சாதுவாக இல்லை. சர்க்கரைத் தோட்டங்கள் நிறைந்த நெக்ரோஸ் தீவில் ஒன்பது பேர் மீது, ஒரு மேயரைக் கொன்றதாக 1983இல் வழக்குப் போட்டார்கள். மூன்று குருக்கள், ஆறு பொதுநிலையினர். அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இரு குருக்களால் வழக்கு உலகச் செய்தியானது. 1984இல் விடுதலையானார்கள். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்பவர்கள் குருக்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்த ஆறு பேர் 'ஆறு பேர்' என்றே இருக்கிறார்கள். சாதாரண விசுவாசி என்ற சொல்லுக்குச் சொல்லாடலில் கிடைக்கிற இடம் இது: எண்ணிக்கை.

1986. பிப்ரவரி 7ஆம் தேதித் தேர்தலில் மார்க்கோஸ் மோசடி செய்தார். வாக்குகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், பொய்க் கணக்குக்கு உடன்பட மறுத்து எழுந்து வெளியேறினார்கள். அடைக்கலம் தேடி அவர்கள் போனது ஒரு தேவாலயத்துக்கு. ஆயர் பேரவை தேர்தலைக் கண்டித்து அறிக்கை விட்டது. பிப்ரவரி 22ஆம் தேதி இராணுவ அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோஸும் கலகம் செய்து முகாமுக்குள் ஒதுங்கினார்கள். கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலியில் பேசினார்: போய் அவர்களைக் காப்பாற்றுங்கள். எட்சா என்ற நெடுஞ்சாலை நிரம்பியது. செபமாலையும் சோற்றுப் பொட்டலமுமாக வந்த இலட்சக்கணக்கானவர்கள் டாங்கிகளுக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். டாங்கிகள் நின்றன. 25ஆம் தேதி மார்க்கோஸ் அமெரிக்க ஹெலிகாப்டரில் ஏறித் தப்பினார்.

இடதுசாரிகள் அப்போது எங்கே இருந்தார்கள்? பிலிப்பைன்ஸ் கம்யூனிஸ்ட் கட்சி தேர்தலைப் புறக்கணித்திருந்தது. மார்க்கோஸ் ஆட்சிக்கு எதிராக அதிக விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். காட்டில் செத்தவர்கள், சித்திரவதைப்பட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்த நான்கு நாட்களில் ஒரு கட்சியாக அவர்கள் சாலையில் இல்லை. சில மாதங்களிலேயே புறக்கணிப்பு ஒரு பெரும் பிழை என்று கட்சியே மதிப்பிட்டது. பாடம் என்ன? முழங்காலிடுகிறவர்களை 'இன்னும் தயாராகாதவர்கள்' என்று கணக்குப் போட்டுவிட்டு, கணக்குப்படி வரலாறு நகரும் என்று காத்திருந்தால் வரலாறு பக்கத்துத் தெருவில் நடந்து முடிந்துவிடும்.

6

எட்சாவைக் கொண்டாடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அடுத்து நடந்ததைப் பார்க்காமல் விட்டால் நாமும் பக்தர்கள்தான்.

எட்சா ஓர் அற்புதம் என்று திருச்சபை சொன்னது. 1989இல் அந்தச் சாலையிலேயே மாதா சிலையோடு ஒரு திருத்தலம் எழுந்தது. மக்கள் செய்ததைக் கடவுள் செய்தார் என்று மக்களே சொல்வது ஒன்று. அதையே திருச்சபை சொல்வது வேறொன்று. முதலாவது, உரிமை இல்லாதவன் உரிமை எடுத்துக்கொள்வது. இரண்டாவது, எடுத்துக்கொண்ட உரிமையைத் திரும்ப வாங்கி வைப்பது. அற்புதம் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்! போனவர்களுக்கு என்ன கிடைத்தது? பதினோரு மாதம் கழித்து, 1987 ஜனவரி 22ஆம் தேதி, நிலச் சீர்திருத்தம் கேட்டு மெண்டியோலா பாலத்துக்கு வந்த விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு. குறைந்தது 12 பேர் செத்தார்கள். ஆட்சியில் இருந்தவர், செபமாலைகள் பதவியில் உட்காரவைத்த கோரசோன் அக்கினோ. அவருடைய பிறந்த குடும்பமான கோஹுவாங்கோக்கள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கரும்புத் தோட்டத்துக்கு உடைமைக்காரர்கள்.

இன்னும் கசப்பானது ஒன்று. அதே காலகட்டத்தில் மிண்டனாவோவில் 'தாத்தாத்' என்ற பெயரில் பக்திக் கும்பல்கள் கிளம்பின. அந்தச் சொல்லுக்குத் துண்டுதுண்டாக வெட்டுதல் என்று பொருள். அதே அந்திங்-அந்திங், அதே போலோ கத்தி, கடவுள் காப்பார் என்ற அதே நம்பிக்கை. இவர்கள் வெட்டியது கம்யூனிஸ்டுகள் என்று குறிக்கப்பட்ட ஏழைகளை. இராணுவம் இவர்களை வளர்த்தது. டாவோவில் இதேபோன்ற 'அல்சா மாசா' என்ற கண்காணிப்புக் கும்பலை 1987இல் அக்கினோவே நேரில் பாராட்டினார். 1967இல் டாஃப்ட் அவென்யூவில் செத்தவனின் தாயத்து இருபதாண்டுக்குப் பிறகு கொலைகாரன் கழுத்தில் தொங்குகிறது. ஒரே குறியீட்டு வகை, இரண்டு அரசியல். இலெட்டோவின் நூலை வெறும் உற்சாகத்தோடு படிப்பவர்கள் தடுக்கிவிழும் இடம் இது. பாசியோன் மரபு தானாகவே விடுதலையின் பக்கம் சாயும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. பிரதியின் மொழியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கத்தையும் நிலத்தையும் கணக்கில் எடுக்காமல் விடுகிறார் என்று மிலாக்ரோஸ் கெரேரோ போன்ற வரலாற்றாசிரியர்கள் 1980களின் தொடக்கத்திலேயே அவரை விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

பிறகு 2001. ஜனவரியில் மத்தியதர வர்க்கமும் திருச்சபையும் மறுபடி எட்சாவில் கூடி அதிபர் எஸ்திராதாவை இறக்கினார்கள். ஊழல் செய்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் நகர்ப்புற ஏழைகள் ஓட்டுப்போட்டு ஜெயிக்கவைத்தவர். ஏப்ரல் 25ஆம் தேதி அவரைக் கைது செய்தபோது அந்த ஏழைகள் எட்சாவுக்கு வந்தார்கள். அதே சாலை, அதே மாதா சிலை. அவர்களும் செபித்தார்கள்; இக்லேசியா நி கிறிஸ்டோ சபையாரும் எல் ஷடாய் இயக்கத்தவரும் அதில் கணிசம். படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? குளிக்காதவர்கள், பல் இல்லாதவர்கள், குடிகாரர்கள், காசுக்கு வந்தவர்கள். திருத்தலம் அசிங்கப்படுகிறது என்று திருச்சபை வருந்தியது. மே 1ஆம் தேதி அவர்கள் அதிபர் மாளிகையை நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு, சாவு, 'கலக நிலை' பிரகடனம்.

1986இன் கூட்டம் கடவுளின் கருவி. 2001 ஜனவரியின் கூட்டமும் கடவுளின் கருவி. ஏப்ரலின் கூட்டம் மட்டும் ஒரு திருடனின் கருவி. நான் எஸ்திராதாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்த ஏழைகள் நம்பிய மனிதன் அவர்களை ஏய்த்தவன்தான். என் கேள்வி வேறு. கருவி என்று சான்றிதழ் தருவது யார்? செபமாலை பிடித்த கையின் நகம் சுத்தமாக இருந்தால் அது அற்புதம், அழுக்காக இருந்தால் கும்பல். புலேக்குத் துறவுச் சபைக் கதவைச் சாத்திய அதே கை, சுமார் 170 ஆண்டுகளுக்குப் பிறகு மாதா சிலையின் கதவையும் சாத்துகிறது.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2022 மே மாதத் தேர்தலில் பல ஆயர்களும் குருக்களும் கன்னியரும் மார்க்கோஸின் மகனுக்கு எதிராக வெளிப்படையாக நின்றார்கள். அவர் 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். போட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராகத்தான் இருக்க வேண்டும், நாடே அப்படித்தான். 'கருவி' இனி ஆயன் காட்டும் திசையில் போகாது. அதற்குக் காரணம் சமூக ஊடகப் பொய்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டால் ஆயர்களுக்குத் தூக்கம் வரும். எட்சாவுக்குப் பின் முப்பத்தாறு வருஷம் சோறு கிடைக்காதவன், எட்சாவின் கதையை ஏன் நம்ப வேண்டும்?

7

அப்படியென்றால் அளவுகோல் என்ன? லாபியாங் மலாயாவையும் தாத்தாத்தையும் எதை வைத்துப் பிரிப்பது? 'முற்போக்கு, பிற்போக்கு' என்று நம் பட்டியலை எடுத்து வைப்பது சுலபம். ஆனால் அது வெளியிலிருந்து போடுகிற முத்திரை, கர்தினாலின் சான்றிதழ் மாதிரிதான். வன்முறை உண்டா இல்லையா என்று பிரிக்கலாமென்றால் அதுவும் நடக்காது. புலேயின் ஆட்கள் ஆளுநரைக் கொன்றவர்கள்.

அந்த மக்களின் சொற்களுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தாமாய், அடுத்தவன் துக்கத்தில் பங்கு. கருவி என்று சொல்லிக்கொண்டவன் யாருடைய துக்கத்தில் உட்கார்ந்தான்? கடவுளின் பேரில் செய்த காரியத்துக்கு விலை கொடுத்தது யாருடைய உடம்பு? டாங்கியின் முன்னால் முழங்காலிட்டவள் தன் உடம்பை வைத்தாள். தாத்தாத் அடுத்தவன் உடம்பை வைத்தான். கடவுளின் பெயர் ஒருவனுக்குப் பொறுப்பைக் கூட்டுகிறதா, கழற்றிவிடுகிறதா? 'நான் வெறும் கருவி, கேள்வியை அவரிடம் கேள்' என்று கை கழுவினால் அவன் பிலாத்து. 'நான் கருவி, அதனால் ஓட முடியாது' என்று நின்றால் கதை வேறு. கூடவே இன்னொன்று: மரியாளைப் போலக் கேள்வி கேட்ட பிறகு ஒப்புக்கொண்ட கருவியா, கேள்வியே கேட்கவிடாமல் கையில் திணிக்கப்பட்ட கத்தியா? இராணுவம் வளர்க்கும் பக்தன் கேள்வி கேட்டால் அடுத்த பிணம் அவன்தான்.

இதெல்லாம் எங்கோ தீவுகளில் நடந்த கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011இலிருந்து இடிந்தகரையில் லூர்து மாதா கோவில் முற்றத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த மீனவப் பெண்களைப் பற்றி அரசு என்ன சொன்னது? அவர்கள் வேறு யாருடைய கருவியோ என்றது. வெளிநாட்டுப் பணத்தில் இயங்கும் தொண்டு நிறுவனங்களின் கை பின்னால் இருக்கிறது என்று 2012இல் பிரதமரே பேட்டியில் சொன்னார். பாதிரியார்கள் தூண்டுகிறார்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டவர்களுக்கு, செபமாலை சொல்லிக்கொண்டே அணு உலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் பெண் ஒருத்தி இருக்க முடியும் என்பது கற்பனைக்கே வரவில்லை. நம்மில் சில பேருக்கும் அப்போது அந்தக் கோவில் முற்றம் ஒரு சங்கடமாகத்தான் இருந்தது. போராட்டம் சரி, மாதா எதற்கு என்று. மாதா இல்லாமல் அந்தப் பந்தல் அத்தனை நாள் நின்றிருக்குமா என்று கேட்டவர்கள் குறைவு.

நாத்திகம் பேசக்கூடாது என்பதல்ல நான் சொல்வது. மதநிறுவனத்தின் மீது வைக்கும் விமர்சனம் ஒரு துளி குறைய வேண்டியதில்லை. மேலே சொன்ன கதையே அதற்குப் போதுமான சாட்சி. ஆனால் நிறுவனத்தை விமர்சிக்கிற வேகத்தில், அந்த நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டு விசுவாசியை ஊமையாக்கிவிடுகிறோம். ஆயன் அவனை ஆடு என்கிறான், அரசு அவனைக் கைக்கூலி என்கிறது, நாம் அவனை ஏமாந்தவன் என்கிறோம். மூன்று பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போகிறோம்: அவன் சொல்வதை அவனிடம் கேட்கவேண்டியதில்லை. இவனுடைய மூன்றாம் வேற்றுமைக்குள் ஒரு கருத்தா ஒளிந்திருக்கிறான். அவனோடு பேசத் தெரியாத அரசியல் எதற்கும் அவன் காத்திருக்க மாட்டான். தாத்தாத்தை வளர்த்தவர்களுக்கு அவனோடு பேசத் தெரிந்திருந்தது. நாம் முதலில் பயப்படவேண்டியது இதற்குத்தான்.